வலை எண் ஒன்பது

இந்த மாதம் இலை அதிகம்.
உலர்ந்த எடை எழுபத்திரண்டு கிராம்.
போன ஆண்டு இதே மாதம் நாற்பத்தொன்று.
கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்குக்
காடு செழித்திருக்கிறது.

நிபோங் திபாலில் மழை பெய்து
அறுபத்துமூன்று நாள்.
கிரியான் ஆற்றில் கடல் ஏறி
பாலத்துக்கு மேலேயும் கரிக்கிறதாம்.
எங்கள் அடுக்குமாடிக் குழாய்
இரவு பதினொன்றுவரை காற்றைத் துப்பும்.
பிறகு நீலப் பீப்பாயில் முதல் சொட்டு விழும் சத்தம்,
உடனே ஏழு மாடியிலும் விளக்கு.

காலையில் நானும் ஷுக்ரியும் படகில்.
ஓதம் வடிந்திருக்கும் மூன்று மணி நேரம்தான்
சேறு எங்களை உள்ளே விடும்.
முழங்கால் புதைய நின்று
துளையிட்ட குழாயை இறக்கி
ஊசிக்குழலால் மெல்ல இழுக்கிறேன்.
வருவது கடல்நீர் இல்லை,
மண் தனக்குள் வைத்திருக்கும் நீர்.
வேர் குடிப்பது இதைத்தான்.

டிசம்பரில் இருபத்தாறு.
இன்று நாற்பத்தெட்டு.
வெளியே கடலுக்கே முப்பதுதான்.

வேர் தண்ணீரை எடுத்துக்கொண்டு
உப்பை வாசலிலேயே நிறுத்திவிடும்.
கழுவிக்கொண்டு போக மழை இல்லை.
நிறுத்தியது நிறுத்திய இடத்தில்
நாளுக்கு நாள் கூடி நிற்கிறது,
குடிப்பதே
குடிநீரைக் கெடுக்கிறது.

"பழுத்த இலையில் உப்பை ஏற்றி
மரம் கீழே தள்ளிவிடும், தெரியுமா?" என்றார் ஷுக்ரி.
கேட்க அழகாகத்தான் இருந்தது.
ஆய்வகத்தில் பொசுக்கி அளந்தேன்.
பச்சையிலும் ஏறக்குறைய அதே உப்பு.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊசிக்குழலில் அழுகிய முட்டை நாற்றம்.
முதல் வருடம் வாந்தி எடுத்திருக்கிறேன்.
இப்போது அது வந்தால் ஒரு நிம்மதி,
சேறு இன்னும் ஈரமாய், மூச்சடைத்து,
தன் கந்தகத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது.

கைவிட்ட இறால் குளத்தின் கரையோரம்
நாற்றமே இல்லை.
பாளம் பாளமாய் வெடித்த மண்.
வெடிப்பின் உள்பக்கம் துருவின் சிவப்பு.
காற்று உள்ளே போய்விட்டது.
காகிதத்தை நனைத்தேன்,
மூன்றரை.
புளிக்கரைசலுக்குப் பக்கத்தில்.
அங்கே நின்ற நான்கு மரங்களில்
எதையும் எண்ண வேண்டியிருக்கவில்லை.

"ஒரு மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்"
என்கிறார் ஷுக்ரி, கயிற்றை அவிழ்த்தபடி.
முதல் மழை இந்தப் புளிப்பைத்தான்
ஓடைக்குக் கொண்டுபோகும்.
மீன் மிதக்கும். நண்டு கரையேறும்.
தெரிந்தும்
மேற்கே கொஞ்சம் கறுத்தால்
நானும்தான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

மாலையில் டாக்டர் ஊய் தொலைபேசியில்:
"ஒன்பதில் உற்பத்தி ஏறியிருக்கிறதே?"

அடுப்பிலிருந்து எடுத்த இலைகளை
மறுபடி மேசையில் பரப்பினேன்.
பாக்காவ் மரத்தின் குருத்தை
மெல்லிய உறை மூடியிருக்கும்.
இலை பிரியும்போது உறை கழன்று விழும்,
ஓர் இலைக்கு ஓர் உறை.
மரம் ரசீது கொடுப்பது அப்படித்தான்.
எடையில் அது வராது,
மூச்சுவிட்டால் பறந்துவிடும்.
அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

விழுந்த இலை நூற்று முப்பத்தெட்டு.
உறை ஆறு.

இருமுறை எண்ணினேன். ஆறுதான்.

எழுபத்திரண்டை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதான்.
குறிப்புக்கென்று விட்டிருக்கும்
விரலகலப் பத்தியில்
பென்சிலால் எழுதினேன்:
"இது விளைச்சல் இல்லை.
சட்டியைக் கவிழ்த்துத் தட்டியது."
டாக்டர் ஊய்க்குப் புரியாது என்று
அதை அழித்துவிட்டு
எண்களை மட்டும் வைத்தேன்.
138. 6.

மணி பதினொன்று ஆகப்போகிறது.
பீப்பாயின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும்.